காணாமல் போன பில் நம்பர்கள்

போன மாதம் ரேவதி வீட்டுக்கு வந்திருந்தாள். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த போல்ட் கம்பெனியில் இப்போது பில் போடுபவள் அவள்தான். காபி ஆறுவதற்குள் போனை எடுத்து எதையோ தட்டி, என் பெயருக்கே ஒரு பில் போட்டுக் காட்டினாள். வரி தனியாக வந்தது, தொகை எழுத்திலும் வந்தது, கம்பெனி முத்திரைகூட வந்துவிட்டது. "இந்த ஆப் நானே செஞ்சது மேடம். கோடிங் ஒரு எழுத்து தெரியாது எனக்கு" என்றாள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், பாராட்டவும் செய்தேன். ஆனால் அதற்கு முன்பே என் வாயில் வந்துவிட்ட கேள்வி, "நடுவுல ஒரு நம்பர் விட்டுப்போனா உனக்குத் தெரியுமா?" என்பது. அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று இருந்தது. அவளுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் பொன்னேரி ஸ்டேஷன் வரை போய், திரும்பி வந்து பார்த்துவிட்டு, ரயிலை விட்டவள். என் வீட்டுக்காரர் இருந்தவரை இதைச் சொல்லியே கேலி செய்வார். ஆனால் பில் போடுகிற வேலைக்கு இந்தப் பயத்தைவிடப் பெரிய தகுதி வேறு இல்லை என்பது என் கட்சி. எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் ஹையர், பொன்னேரியில் மாடி மேல் ஒரு கம்ப்யூட்டர் கிளாஸ், அவ்வளவுதான் என் படிப்பு. அதை வைத்துக்கொண்டு முதலில் ஒரு அரிசி மண்டியிலும் பிறகு சாகுல் பாய் கம்பெனியிலும் குப்பை கொட்டினேன்.

பாயின் குடும்பம் பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாக இறால் வியாபாரம். இவர் மட்டும் கடலை விட்டுவிட்டு இரும்புக்கு வந்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் போல்ட், நட், வாஷர் செய்யும் சின்ன யூனிட் ஒன்றைப் போட்டார். அவர் கோபத்தில் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதுதான் பயமாக இருக்கும். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "இருக்கட்டும்" என்பார். அந்த 'இருக்கட்டும்' வந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

இறால் வியாபாரத்திலிருந்து அவர் கொண்டு வந்த பழக்கம் ஒன்று உண்டு. ரஃப் பார்க்காமல் பில் போடக்கூடாது. ஒரே சைஸ் போல்ட் போகிற லோடு என்றால் நேராகப் பில் போடலாம். பல சைஸ் போல்ட்டும் நட்டும் வாஷரும் கலந்து போகிற லோடு என்றால், ஸ்டோரிலிருந்து எடைச்சீட்டு வந்ததும் நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக் கொண்டுபோய் நீட்ட வேண்டும். அவர் மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்ப்பார். கீழிருந்து மேலே இன்னொரு முறை ஓட்டுவார். பிறகு மொத்தத்தின் மேல் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி விழுந்த பிறகுதான் பில் புத்தகத்தில் கார்பன் வைத்து மூன்று காப்பி எழுதுவேன். ரஃப் தாளைக் கிழித்துக் கூடையில் போடுவேன். லாரிக்காரர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாலும் இந்த வரிசை மாறாது.

வாட் வரி வந்த வருஷம் எங்கள் பில் புத்தகமெல்லாம் ஒரே நாளில் பழைய பேப்பர் ஆயிற்று. கம்பெனியின் புது வரி எண்ணைப் போட வேண்டும், ஒவ்வொரு பொருளுக்கும் வரி தனியாகக் காட்ட வேண்டும். எங்களிடம் அதிகம் சரக்கு எடுக்கும் பெரிய கம்பெனிக்காரர்கள், கையால் எழுதின பில்லை இனி கேட்டிலேயே திருப்பி அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். பில்லிங் சாஃப்ட்வேர் விற்க வந்தவர் சொன்ன விலையைக் கேட்டுப் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வந்தவர் போன பிறகு என்னிடம், "வசந்தாம்மா, அந்தக் கம்ப்யூட்டர்ல நீங்க லெட்டர்லாம் அடிக்கிறீங்களே, பில்லு அடிக்க முடியாதா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அப்படித்தான் நான் ஒரு மென்பொருள் செய்தவள் ஆனேன்.

கம்ப்யூட்டரோடு கூடவே வந்த டேட்டாபேஸ் ஒன்று அதில் இருந்தது. கிளாஸில் ஒரு வாரம் காட்டியிருந்தார்கள். அதில் 'விஸார்டு' என்று ஒன்று உண்டு, மந்திரவாதி என்று அர்த்தம் சொன்னார்கள். அது கேள்வி கேட்கும், நாம் டிக் அடித்து 'நெக்ஸ்ட்' அமுக்க வேண்டும். பார்ட்டி பெயர்களுக்கு ஒரு டேபிள், சரக்குக்கு ஒரு டேபிள், பில்லுக்கு ஒரு டேபிள் என்று போட்டேன். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மவுஸால் கோடு இழுத்துச் சேர்த்தேன். பழைய பில் புத்தகத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்து, அதே இடத்தில் அதே கட்டம் வரும்படி நகர்த்தி நகர்த்தி வைத்தேன். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒவ்வொரு தடவையும் அரை வரி தள்ளி அடிக்கும். அடித்துப் பார்த்துக் கிழித்ததிலேயே ஒரு பண்டல் பேப்பர் போயிற்று.

ஒன்றே ஒன்று மந்திரவாதிக்கும் வரவில்லை. 'ரூபாய் எழுத்தால்' என்ற வரிக்குக் கோடிங் எழுத வேண்டுமாம். அந்த இடத்தை வெறும் கோடாக விட்டுவிட்டு, பிரிண்ட் ஆன பிறகு பேனாவால் எழுதிக் கொடுத்தேன். பாய்க்கு அது பிடித்துப்போயிற்று. "அந்த ஒரு வரி கையால இருக்கட்டும், அப்பதான் அது நம்ம பில்லு" என்றார். அந்த 'இருக்கட்டும்' மட்டும் நல்ல இருக்கட்டும்.

பில் நம்பருக்கு நான் எதுவுமே செய்யவில்லை. டேபிள் போடும்போது, ஒவ்வொரு வரிக்கும் தானாக நம்பர் கொடுக்கட்டுமா என்று விஸார்டே கேட்டது. 'எஸ்' அமுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று தானாகவே வந்தது. பிரஸ்ஸில் அடித்த புத்தகத்தில் நம்பர் எப்படித் தயாராக இருக்குமோ அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அச்சடித்த நம்பரை யாரும் சரிபார்த்துக்கொண்டிருப்பதில்லையே.

இந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி நான். இன்னொருவர் ஸ்டோர் கீப்பர் ஏகாம்பரம். கும்மிடிப்பூண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், சொந்தமாகக் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. சரக்கு அவர் பொறுப்பு, கேட் சாவியும் அவரிடம். சாயங்கால ரயிலுக்கு நான் கிளம்பின பிறகு லாரி வந்தால் பில் போட ஆள் வேண்டுமே என்று அவருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒரு விரலால் தட்டுவார், தட்டின எழுத்து திரையில் வந்ததா என்று குனிந்து பார்ப்பார். கலப்பு லோடை அவர் தொடமாட்டார், ஒரே சைஸ் லோடுக்கு மட்டும் பில் போடுவார்.

மார்ச் கணக்கு முடிக்கிற சமயம் ஆடிட்டர் திருவள்ளூரிலிருந்து வந்தார். அதுவரை பார்ட்டி வாரியாகத்தான் பில் பட்டியல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் நம்பர் வரிசையில் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பென்சிலை வைத்து இறங்கிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். சுழித்தார். இன்னும் கொஞ்சம் கீழே இன்னொரு சுழி. பக்கம் திருப்பத் திருப்பச் சுழி கூடிக்கொண்டே போயிற்று. அந்த நம்பர்களில் பில்லே இல்லை. கம்ப்யூட்டரிலும் இல்லை, ஃபைலில் ஆபீஸ் காப்பியும் இல்லை.

ஆடிட்டர் பட்டியலைப் பாயிடம் கொடுத்து, பில் நம்பர் தொடர்ச்சியாக இருந்தே ஆக வேண்டும் என்றார். நடுவில் ஒன்று இல்லை என்றால், அந்தப் பில்லில் சரக்கு வெளியே போயிருக்கிறது, பில்லை அழித்துவிட்டார்கள் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். ரிட்டர்ன் போடுவதற்குள் காரணம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பாய் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அன்றைக்கு நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் போனதால் இருக்கும் என்றேன். அந்த நாட்களில் கரண்ட் போகாத நாள் ஏது? யு.பி.எஸ். இருக்கிறதே என்றார். ஸ்டாக் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். எங்கள் சரக்கு எடைக் கணக்கு. கறுப்பாகப் போகிற போல்ட், துத்தநாக முலாம் பூசித் திரும்பி வரும்போது எடை கூடி வரும். ஸ்டாக் என்றைக்குமே அச்சாகச் சேராது, கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தில் லாரி லோடு ஒளிய முடியுமா முடியாதா என்று அடித்துச் சொல்ல எங்களில் யாராலும் முடியவில்லை.

பாய் சுற்றி வளைக்கவில்லை. எனக்குச் சரக்கோடு சம்பந்தம் இல்லை. ஏகாம்பரத்திடம் சரக்கும் இருக்கிறது, சாவியும் இருக்கிறது, சாயங்காலத்தில் கம்ப்யூட்டரும் இருக்கிறது. நான், "பாய், அவரு அப்படிப்பட்ட ஆள் இல்ல" என்று சொல்லிப் பார்த்தேன். "நானும் அப்படித்தாம்மா நெனைக்கிறேன். அப்ப நம்பரு எங்க?" என்றார்.

ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, கணக்கு முடிகிறவரை வீட்டில் இருக்கச் சொன்னார். சம்பளம் உண்டு, வேலையை விட்டு எடுக்கவில்லை என்றும் சொன்னார். ஏகாம்பரம் சாவிக்கொத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். வாசலில் என்னைப் பார்த்து நின்று, "யம்மா, நான் தட்டுனதுல எதுனா தப்பாப் பூட்ச்சா?" என்று மட்டும் கேட்டார். தெரியலையே என்றேன். சைக்கிளை ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போனார்.

அடுத்த நாளே தொழிற்பேட்டை முழுக்கச் செய்தி போய்விட்டது. டீக்கடையில் எங்கள் ஆட்களைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு கேட்டில் பெயர் கெட்டால் அடுத்த கேட் திறக்காது, அந்த ஊர் அப்படி. நான் ரயிலில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் எடுத்திருக்க மாட்டார் என்று கொஞ்ச நேரம் நம்புவேன். அடுத்த நிமிஷமே, மனுஷனுக்கு என்ன கஷ்டமோ, யாருக்குத் தெரியும் என்று தோன்றும். அப்படித் தோன்றுவதே அசிங்கமாக இருக்கும். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் தலைவலி வந்துவிடும்.

பயத்தில் ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டேன். தினமும் கிளம்புமுன் அன்றைய பில் நம்பர்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிவிடுவது. ஏகாம்பரம் வீட்டுக்குப் போன பிறகு முதல் இரண்டு நாள் எல்லாம் வரிசையாக இருந்தது. அப்படியானால் அவர்தானா?

மூன்றாம் நாள் சாயங்காலம் எண்ணும்போது நடுவில் ஒரு நம்பர் இல்லை.

மறுபடி எண்ணினேன். இல்லைதான். ஏகாம்பரம் இல்லை, சாவி பாயின் மேஜை டிராயரில் இருக்கிறது, கம்ப்யூட்டரைத் தொட்ட ஒரே கை என்னுடையது. அவருக்காகச் சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால், அப்படியென்றால் திருடி நான்தான் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். தூக்கத்தில் நடக்கிறவர்கள் மாதிரி, எனக்கே தெரியாமல் எதையாவது செய்கிறேனோ என்று கைகளைப் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு வழக்கமான ரயிலுக்குப் போகவில்லை.

காலையிலிருந்து செய்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான் முந்தின இரண்டு நாளிலும் இல்லாதது. மத்தியானம் ஒரு கலப்பு லோடு போயிற்று. கலப்பு லோடு என்றால் ரஃப். கம்ப்யூட்டர் வந்த பிறகும் பாய் ரஃப்பை விடவில்லை, நானும் விடவில்லை. காலண்டர் தாள்தான் போயிற்று. பில்லையே ரஃப்பாக அடித்து, பாயைக் கூப்பிட்டுத் திரையில் காட்டுவேன். அவர் திரையில் விரலை மேலும் கீழும் ஓட்டிவிட்டு, மொத்தத்தின் மேல் பேனா நுனியால் தட்டுவார். பிறகு ரஃப்பை டெலீட் செய்துவிட்டு, புதிதாக ஃபேர் பில் அடிப்பேன். தாளைக் கிழித்துக் கூடையில் போட்ட கை அது. ரஃப் என்பது பில் என்று என் புத்தியில் ஏறவே இல்லை.

ஒரு பொய் பில்லை அடித்தேன். இந்த முறை மொத்தத்தைப் பார்க்காமல் மூலையில் இருந்த நம்பரைப் பார்த்தேன். டெலீட் செய்தேன். மறுபடி புதிதாக ஒன்று ஆரம்பித்தேன். போன நம்பர் திரும்பி வரவில்லை, அதற்கு அடுத்தது வந்து உட்கார்ந்திருந்தது. கிழித்த ரஃப் ஒவ்வொன்றும் ஒரு நம்பரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஆடிட்டர் சுழித்த இடங்களின் தேதிகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாம் கலப்பு லோடு போன நாட்கள்.

பாய் தொழுகை முடித்துவிட்டுத் திரும்பி வரும்வரை நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். வந்ததும் அவர் கண் எதிரிலேயே ஒரு ரஃப் அடித்து, டெலீட் செய்து, புது நம்பரைக் காட்டினேன். "இன்னொரு தபா" என்றார். இன்னொரு முறை காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே, "ரஃப் கேட்டது நான்தானேம்மா" என்றார்.

மறுநாள் காலையில் ஆட்டோ வைத்துக்கொண்டு ஏகாம்பரம் வீட்டுக்குப் போனோம். கணக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப்போனார். ஏகாம்பரம் வயலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வரப்பேறி வந்து, பம்ப் செட்டில் காலைக் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவர் சம்சாரம் வாசலுக்கு வந்தார், வாங்க என்று சொல்லவில்லை.

நான் ரஃப் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். பாய், "தப்பு எங்க மேலதான் ஏகாம்பரம். நீங்க வந்துடணும்" என்றார். ஊரார் கேட்க வேண்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஏகாம்பரம் தலையை ஆட்டினார். பிறகு கேட்டார். "நம்பரு கெட்ச்சிச்சு, சரி பாய். கெடைக்காம பூட்டிருந்தா?"

பாய் கண்களைத் தாழ்த்திக்கொண்டு ஆட்டோவுக்குத் திரும்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

இரண்டு நாள் கழித்து ஏகாம்பரம் வேலைக்கு வந்தார். ஆடிட்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காரணத்தைக் கம்பெனி லெட்டரில் எழுதி வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். அதிகாரிகள் வந்து கேட்பார்கள், கேட்பார்கள் என்று நான் வருஷக்கணக்கில் பயந்ததுதான் மிச்சம், கடைசி வரை யாரும் கேட்கவே இல்லை. பில் டேபிளில் 'ரத்து' என்று ஒரு டிக் கட்டம் சேர்த்தேன். ரஃப்பை இனி அழிப்பதில்லை, அதையே திருத்தி ஃபேர் ஆக்குவது, ஆகாவிட்டால் ரத்து என்று டிக் அடித்து அங்கேயே விடுவது என்று வைத்துக்கொண்டோம். அதற்கும் கோடிங் தேவைப்படவில்லை.

ஏகாம்பரம் பழையபடிதான் இருந்தார், சாவியும் அவரிடமே இருந்தது. ஒன்று மட்டும் புதிது. நான் ரயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். "இன்னிக்கி கட்சி நம்பரு இன்னாம்மா?" என்பார். அன்றைய கடைசிப் பில் நம்பரைச் சொல்லுவேன். தலையை ஆட்டிவிட்டு ஸ்டோருக்குப் போய்விடுவார். மழையானாலும் வெயிலானாலும் இது தவறியதில்லை. என் தப்புக்கு என்னை நிற்கவைத்துக் கேட்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும். ஒரு நாளாவது கேட்க மறந்துவிட மாட்டாரா என்று ஆசைப்பட்டிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று பிரியாணி, மாலை எல்லாம் முடிந்தது. ஏகாம்பரம் அன்றைக்குக் கேட்க வரவில்லை. விழாச் சந்தடியில் மறந்திருப்பார் என்று நினைத்து, அவரிடம் விடைபெற நானே ஸ்டோருக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் சாயங்காலத்தில் அதற்குள் நான் போனதில்லை. அவர் உள்ளே நின்று ஒரு கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். கதவின் உட்புறம் சாக்பீஸால் ஒரு நம்பர் எழுதியிருந்தது. அழித்து அழித்து எழுதி, அந்த இடமே வெள்ளையாகப் பூத்திருந்தது. எழுதியிருந்தது அன்றைய கடைசிப் பில் நம்பர். நான் இன்னும் அவரிடம் சொல்லவே இல்லை.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நேத்து நம்பரு தெரியும். இன்னிக்கி எத்தினி வண்டி போச்சின்னு நான் பாத்துக்கினுதான இருக்கேன். ரத்து எத்தினின்னு பாயாண்ட கேட்டுக்குவேன். கூட்னா வந்துரும்" என்றார். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மொதல்ல எனக்கோசரம்தான் எழுதுனேன். அப்பால உனுக்கோசரம்மா. நீ பயந்துகினே பில்லு போடற, யாருனா ஒருத்தர் கூட இருந்து பாத்துக்க வேணாமா?"

கேள்வி கேட்கிறார் என்று இத்தனை நாள் நான் யாரைப் பார்த்துக் கூசிக்கொண்டிருந்தேனோ, அந்த மனிதர் தினமும் எனக்காகவும் கூட்டிப் பார்த்திருக்கிறார்.

"சொல்லும்மா, கட்சி நம்பரு இன்னா?" என்றார். சொன்னேன். கதவில் இருந்ததும் நான் சொன்னதும் ஒன்றுதான். அவர் கைத்துண்டால் அதை அழித்துவிட்டுக் கதவைப் பூட்டினார். அன்று ரயிலில் கவரைப்பேட்டை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.